பாமெலாவின் 78 படங்கள்

எனக்கு டாரோ ஆருடத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் 1909-இல் லண்டனில் ரைடர் நிறுவனம் வெளியிட்ட அந்தச் சீட்டுக்கட்டை அடிக்கடி எடுத்துப் பரப்புவேன். படம் பார்க்கத்தான்.

திட்டம் ஏ. ஈ. வெயிட்டுடையது, தூரிகை பாமெலா கோல்மன் ஸ்மித்துடையது. பழைய மார்சேய் டாரோக் கட்டில் எட்டுக் கோப்பைச் சீட்டு என்றால் வெறும் எட்டுக் கோப்பைகள். பாமெலா அங்கே ஒரு கதையை வைத்தார். அடுக்கிய கோப்பைகளுக்கு முதுகைக் காட்டி, நிலா வெளிச்சத்தில் ஒருவர் மலைப்பக்கம் போகிறார். மேல் வரிசையில் ஒரு கோப்பைக்கான இடம் காலி. அந்த இடைவெளி என் கண்ணில் படவே பல நாளாயிற்று. ஐந்து காசுச் சீட்டில் பனியில் இருவர் நடுங்கியபடி நடக்கிறார்கள். தலைக்கு மேலே வண்ணக் கண்ணாடிச் சன்னல் ஒளிர்கிறது. கதவை மட்டும் காணோம்!

கணக்கும் உண்டு. மார்சேய் கட்டில் 8-ஆம் சீட்டு நீதி, 11-ஆம் சீட்டு வலிமை; இதில் இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. வலிமை சிம்மம், நீதி துலாம் என்று வைத்த 'கோல்டன் டான்' மறைஞானக் குழுவின் ராசி வரிசைக்காக அப்படி. வெயிட், பாமெலா இருவருமே அந்தக் குழுவில் இருந்தவர்கள்.

பெரிய வேலை, சொற்பக் கூலி என்று பாமெலா ஒரு கடிதத்தில் குறைபட்டிருக்கிறார். கட்டுக்கு நிலைத்த பெயரும் 'ரைடர்-வெயிட்'தான். சீட்டின் மூலையில் பாருங்கள், பாம்புபோல் பின்னிய மூன்றெழுத்து முத்திரை. அது அவருடையது.