நான்கு வட்டங்களும் ஒரு தீவும்

எக்டர் கார்சியாவும் ஃபிரான்செஸ்க் மிராயெஸும் எழுதிய ‘இக்கிகாய்’ 2016இல் ஸ்பானிய மொழியில் வெளிவந்தது. இன்று தமிழில் கிடைக்கிறது. ரயில் நிலையக் கடையில் கிடைக்கிறது, நடைபாதையில் பாதி விலைக்குக் கிடைக்கிறது, ஒரு கல்யாணத்தில் தாம்பூலப் பைக்குள்ளும் பார்த்தேன். இந்த மாதிரிப் புத்தகங்களைப் படிக்காமலேயே கிண்டல் செய்வது இலக்கிய வாசகர்களின் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தூக்கம் வராத இரவில் இத்தனை பேர் கையில் எடுக்கிற ஒன்றை, நாவலை வாசிக்கிற அதே கவனத்தோடு வாசித்துவிட்டுத்தான் பேச வேண்டும். நான் இரண்டு தடவை வாசித்தேன்.

நூலாசிரியர்கள் ஒகினாவாவின் வடக்கே உள்ள ஒகிமி கிராமத்துக்குப் போகிறார்கள். அங்குள்ள முதியவர்களிடம் பேசுகிறார்கள். வயிறு எண்பது சதவீதம் நிறைந்ததும் தட்டை ஒதுக்கிவிடுவது, காலையில் வானொலி உடற்பயிற்சி, காய்கறித் தோட்டம், நண்பர்கள், அவசரமின்மை. கடைசியில் பத்து விதிகள். எதுவும் தப்பில்லை. பாதியை என் பாட்டியே சொல்லியிருக்கிறாள், கொஞ்சம் கடுமையான குரலில்.

எனக்கு முதலில் இடறியது அந்தப் புகழ்பெற்ற படம். உனக்குப் பிடித்தது, உனக்கு நன்றாக வருவது, உலகத்துக்குத் தேவையானது, உனக்குக் காசு தருவது என்று நான்கு வட்டங்கள். அவை சந்திக்கிற இடம்தான் இக்கிகாய். இந்தப் படம் ஜப்பானில் பிறந்ததில்லை. ஸ்பானிய சோதிடர் ஆந்த்ரேஸ் சுசுனாகா வாழ்வின் நோக்கத்தை விளக்க வரைந்தது. 2014இல் மார்க் வின் என்பவர் தன் வலைப்பதிவில் நடுவில் இருந்த சொல்லை எடுத்துவிட்டு ‘இக்கிகாய்’ என்று போட்டார். அவ்வளவுதான் நடந்தது. ஜப்பானியப் பேச்சில் அந்தச் சொல்லுக்குச் சம்பளத்தோடு சம்பந்தமே வேண்டியதில்லை. பேரக் குழந்தை ஒருவருக்கு இக்கிகாயாக இருக்கலாம், வளர்க்கிற பூச்செடி இன்னொருவருக்கு. காசு வட்டம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. அது ஒட்டியதால்தான் அலுவலகப் பயிலரங்குகளுக்குள் அந்தச் சொல்லால் நுழைய முடிந்தது என்று நினைக்கிறேன்.

அடுத்து, ஒகிமி. இந்த நூல் பழக்கங்களை அவை முளைத்த மண்ணிலிருந்து பிடுங்கித் தருகிறது. போருக்கு முந்தைய ஒகினாவாவில் சாதாரண மக்களின் சாப்பாட்டில் பெரும்பகுதி சர்க்கரைவள்ளிக்கிழங்கு. காரணம் ஏழ்மை. வயிற்றில் கொஞ்சம் இடம் விடுவது ஞானமாவதற்கு முன் பல வீடுகளில் வேறு வழியில்லாமையாகவும் இருந்திருக்கும். ‘மோவாய்’ என்று நூல் வியக்கிற குழு, மாதாமாதம் எல்லோரும் பணம் போட்டு முறைவைத்து எடுத்துக்கொள்வது. நம்மூர் சீட்டேதான். சீட்டு பிடிக்கிற நம்ம அக்காக்களிடம் நீண்ட ஆயுளின் ரகசியம் கேட்டு இன்னும் யாரும் கேமராவோடு வரவில்லை! 1945 வசந்தத்தில் நடந்த போரில் ஒகினாவா மக்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் செத்துப்போனார்கள். அதன் பிறகு 1972 வரை அமெரிக்க ஆட்சி. நூறு வயதை நெருங்கும் அந்தச் சிரித்த முகங்கள் இதையெல்லாம் கடந்து வந்தவை. நூல் போரைப் போகிற போக்கில் தொட்டுவிட்டு நட்புணர்வுக்குத் தாவிவிடுகிறது.

2000ஆம் ஆண்டுக் கணக்கில், ஜப்பானின் 47 மாகாணங்களில் ஒகினாவா ஆண்களின் ஆயுள் 26வது இடத்துக்கு இறங்கியது. அங்கே அதை ‘26 அதிர்ச்சி’ என்றே அழைத்தார்கள். அதே தீவு, அதே மொழி, அதே பழமொழிகள். மாறியது காரும் துரித உணவும் வேலை முறையும். பழக்கம் மனிதனின் மன உறுதியில் மட்டும் குடியிருக்கிறது என்றால் இதை எப்படி விளக்குவது?

அதே வடக்கு ஒகினாவாவில், ஒகிமியிலிருந்து அதிகத் தொலைவில்லாத யகாஜி தீவில், 1938 முதல் ஒரு தொழுநோயாளர் காப்பகம் இருக்கிறது. இதை நான் சொல்லக் காரணம், ‘இக்கிகாய்’ என்ற சொல்லை முதன்முதலாக ஆழமாக ஆராய்ந்த நூல் இப்படியொரு காப்பகத்திலிருந்துதான் வந்தது. மியேகோ கமியா என்ற மனநல மருத்துவர் 1966இல் எழுதினார். எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. அவரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை வழியாகவே அவரை அறிவேன்.

கமியா இளம் வயதில் காசநோய் வந்து படுத்தவர். அந்த நாட்களில் கிரேக்கம் கற்று மார்க்கஸ் அரேலியஸை வாசித்தார், பின்னாளில் மொழிபெயர்க்கவும் செய்தார். 1957 முதல் நாகாஷிமா தீவில் இருந்த ஐசெயென் காப்பகத்தில் பணி. அங்கே நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடத்தினார். சோறு உண்டு, கூரை உண்டு. ஆனாலும் பலர் வாழ்வதில் பொருளில்லை என்றார்கள். அதே அறையில், அதே நோயோடு, வேறு சிலர் ததும்பிக்கொண்டிருந்தார்கள். ஏன்? அந்த ஒரு கேள்விதான் நூல். எல்லாம் இருக்கிறவன் இன்னும் கொஞ்சம் மகிழ்ச்சியாக இருப்பது எப்படி என்பதல்ல, எல்லாம் பறிபோன பிறகு எது மிச்சமிருக்கிறது என்பது.

ஜப்பானியத் தொழுநோய்க் காப்பகங்களில் பார்வை போனவர்கள் பிரெயில் படிக்க முயன்றார்கள். நோய் விரல்களின் உணர்ச்சியையும் தின்றுவிட்டது. அதனால் நாக்கால் படித்தார்கள். நாக்கில் ரத்தம் வரும்வரை பழகி, ஒவ்வொரு புள்ளியாக. ஐசெயெனில் பார்வையற்றவர்கள் சேர்ந்து ‘நீலப் பறவை’ என்ற ஹார்மோனிகா இசைக்குழுவே நடத்தினார்கள். பழக்கம், பயிற்சி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேற்றம் என்று சுயமுன்னேற்ற நூல்கள் சொல்கிற அத்தனையும் இதில் இருக்கிறது. எந்த விதிப்பட்டியலிலும் இதை வைக்க முடியாது என்பதையும் கவனிக்க வேண்டும். நாக்கால் படித்த மனிதரைத் ‘தன்னை மேம்படுத்திக்கொண்டவர்’ என்று சொல்ல எனக்கு வாய் கூசுகிறது.

இங்கேயே நிறுத்தினால் கட்டுரை அழகாக முடிந்துவிடும். பிரபலமான நூல் மேலோட்டம், பழைய நூல் ஆழம். ஆனால் கமியாவிடமும் ஒரு பிரச்சினை இருக்கிறது, அது பெரியது. அவர் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது தொழுநோய் குணமாகக்கூடிய நோய். சல்ஃபோன் மருந்து 1940களின் கடைசியிலேயே ஜப்பானுக்கு வந்துவிட்டது. இருந்தும் 1953 சட்டம் தனிமைப்படுத்தலைத் தொடர்ந்தது. காப்பகங்களில் திருமணம் செய்துகொள்ள ஆண்கள் கருத்தடை செய்துகொள்ள வேண்டியிருந்தது, பெண்களின் கருக்கள் கலைக்கப்பட்டன. சட்டம் 1996இல்தான் நீங்கியது. மனதுக்குள் இவ்வளவு ஆழமாக எட்டிப்பார்த்த கமியா, அந்த மனதைச் சுற்றி நின்ற சுவரைப் பற்றி ஏன் பேசவில்லை என்று பின்னால் வந்த ஜப்பானிய விமர்சகர்கள் கேட்டார்கள். தனிமைப்படுத்தலின் தலைமைச் சிற்பியான கென்சுகே மிட்சுதாவிடம் அவருக்குப் பெரும் மதிப்பும் இருந்தது.

அவரை அதற்காக நான் தூக்கியெறிய மாட்டேன். அந்த மனிதர்களின் பக்கத்தில் போய் உட்கார்ந்தவர் அவர், தீர்ப்பு சொல்கிற நான் அல்ல. ஆனால் உள்ளே மட்டும் பார்க்கிற பார்வையின் ஆபத்து அதன் மிகச் சிறந்த நூலிலேயே இருக்கிறது என்றால், அதன் பத்தாவது நகலில் எவ்வளவு இருக்கும்?

என் அக்கா மகன் மென்பொருள் வேலையில் இருக்கிறான். போன வருடம் ஆட்குறைப்புக்குப் பிறகு மூன்று பேர் வேலையை ஒருவனாகப் பார்த்து, ராத்திரி இரண்டு மணிக்கு விழித்து உட்கார்ந்திருந்தவன். நிறுவனம் ‘மனநல வாரம்’ கொண்டாடியது. ஆளுக்கொரு ‘இக்கிகாய்’ கொடுத்தார்கள். “நல்லாத்தான் இருக்கு மாமா, ஆனா அவசரப்படாதேன்னு போட்டிருக்கு. அதை மேனேஜர்கிட்ட யார் சொல்றது?” என்றான். நூலின் இரண்டாவது விதி அது. இதைவிடச் சுருக்கமாக என்னால் விமர்சனம் எழுத முடியவில்லை.

ஐசெயென் இருக்கும் நாகாஷிமாவுக்கும் எதிர்க்கரைக்கும் இடையே கடல் மிகக் குறுகிய இடத்தில் சுமார் 30 மீட்டர்தான். காப்பகம் தொடங்கியது 1930இல். பாலம் கட்டப்பட்டது 1988இல், அதுவும் உள்ளே இருந்தவர்கள் வருடக்கணக்கில் கேட்டுப் போராடிய பிறகு. அதை ‘மனிதத்தை மீட்கும் பாலம்’ என்று அழைத்தார்கள். 1998இல் தெற்கே குமமோட்டோவில், கியூஷு காப்பகங்களைச் சேர்ந்த 13 பேர் அரசின்மீது வழக்குத் தொடுத்தார்கள். 2001 மே மாதம் வென்றார்கள், அரசு மேல்முறையீடு செய்யவில்லை. அந்த முதியவர்களுக்கு அந்த வழக்குதான் இக்கிகாயாக இருந்திருக்குமோ என்று நான் யோசிப்பதுண்டு. பிடித்ததா, நன்றாக வந்ததா, காசு தந்ததா என்று எந்த வட்டத்தில் அதை வைப்பது?

கமியாவின் நூலை யாராவது ஜப்பானிய மொழியிலிருந்தே தமிழுக்குக் கொண்டுவர வேண்டும். கூடவே, அந்த வழக்கில் சாட்சி சொன்னவர்களின் வார்த்தைகளையும்.