கற்பனையும் யாப்பும்: புத்தளக் கரையோரத்திற் சட்டம் பற்றிய கிறித்தவ போதனை

அரசியலமைப்புச் சட்டம், தனிமனித உரிமை, சட்டத்தின் முன் சமத்துவம் ஆகியன யாவும் யூத–கிறித்தவ மரபிலே முளைத்தவை என்றும், அம்மரபினுள் நின்று நோக்குவோர்க்கே அவற்றின் உண்மைப் பொருள் புலப்படும் என்றும் கூறும் கருத்தொன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சமயஞ்சார் சட்டக் கல்லூரிகள் சிலவற்றிலே பாடமாகவே போதிக்கப்பட்டு வருகின்றது. எமது நாட்டிலும் இதன் எதிரொலியைக் கேட்கலாம். சமத்துவமும் சட்ட ஆட்சியும் மிஷனரிமாரின் கைகோத்து வந்தவை என்று நம்புவோர் கல்விமான்களிடையே இன்றும் உளர். யூத–கிறித்தவம் என்ற இணைமொழி அரசியல் வழக்கிலே பரவியது 1930களுக்குப் பின்னரே என்பதையும், அதற்கு முந்திய பல நூற்றாண்டுகளாகக் கிறித்தவ அரசுகள் யூதரை எவ்வாறு நடத்தின என்பதையும் நினைவிற் கொண்டாலே இக்கருத்தின் வயதும் நோக்கமும் ஓரளவு விளங்கிவிடும். ஆயினும் கருத்துநிலையொன்றை அதன் பிறப்பிடத்தை வைத்து மட்டும் மறுத்துவிடுதல் ஆய்வாகாது. கடவுளின் சட்டம் என்ற போதனை மக்கள் வாழ்விலே யாது செய்தது என்பதை ஒரு குறிப்பிட்ட நிலத்தில், ஒரு குறிப்பிட்ட மக்கட் கூட்டத்தினிடையே வைத்து நோக்குதல் வேண்டும். கற்பிட்டி முதல் சிலாபம், மாரவில வரையுள்ள புத்தள மாவட்டக் கரையோரத்தை நாம் இதற்கெனத் தேர்ந்துள்ளோம்.

முதலில் ஒரு வரலாற்று முரணைக் குறிப்பிட வேண்டும். 1658ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் பிறப்பித்த கட்டளை கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் அளிப்போருக்கு மரண தண்டனை விதித்தது. கட்டளையிட்டோரும் கிறித்தவர், கட்டளைக்கு இலக்கானோரும் கிறித்தவர். இருசாராரும் ஓதியது ஒரே மோசேயின் சட்டந்தான். கற்பிட்டியிலே ஒல்லாந்தர் கோட்டை கட்டி அமர்ந்திருக்க, களப்புக்கு அப்பாலிருந்த புத்தளம் கண்டி அரசனின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. கோவையிலிருந்து வந்த யோசப் வாஸ் அடிகள் புத்தளத்திலே தங்கிப் பணியாற்றிய பின்னர் 1692இற் கண்டிக்குச் சென்றார். ஒற்றர் என்ற ஐயத்தினால் முதலிற் சிறைவைக்கப்பட்டாரெனினும், பின்பு பௌத்த மன்னனாகிய இரண்டாம் விமலதர்மசூரியனின் ஆட்சியிலேதான் அவர் வெளிப்படையாகச் சமயப்பணி ஆற்ற முடிந்தது. மனச்சான்றின் சுதந்திரம் யூத–கிறித்தவ மரபின் கொடை என்போர் இக்களப்பின் இரு கரைகளையும் ஒருமுறை ஒப்பிட்டு நோக்குதல் நன்று. கண்டி மன்னரைச் சமயப் பொறைக்கு இலக்கணமாகக் காட்டுவதும் எமது நோக்கமன்று. ஒல்லாந்தரோடு கொண்ட வணிக, இராணுவ முரண்பாடுகள் அவர்களின் பெருந்தன்மைக்குத் துணைநின்றன. நிலைமை மாறியதும், 1740களிலே, அதே கண்டி அரசவை குருமாரை வெளியேற்றவும் செய்தது.

இச்சூழலிலேதான் யாக்கோமே கொன்சால்வெஸ் என்ற சாங்கோபாங்க சுவாமிகளின் எழுத்துக்கள் தோன்றின. 1705இல் இலங்கை வந்து, 1742இல் இன்றைய புத்தள மாவட்டத்தைச் சேர்ந்த போலவத்தையிலே காலமான அவர் சிங்களத்திலும் தமிழிலும் ஏராளமாக எழுதினார். தேவ அருள்வேத புராணம், சுகிர்த தர்ப்பணம், வியாகுல பிரசங்கம் முதலாய அவரது தமிழ் நூல்கள் அச்சகத்தின் துணையின்றிக் கையெழுத்துப் பிரதிகளாகவே பரவின. ஏறத்தாழ அதே காலத்திலே தமிழகத்தில் வீரமாமுனிவர் தேம்பாவணியை இயற்றினார். இவ்விருவரையும் ஒப்பிடும் நம்மவர் பெரும்பாலும் முனிவரின் செய்யுள் வளத்தை வியந்துவிட்டுச் சாங்கோபாங்கரை ஒரு வாக்கியத்திலே கடந்துவிடுவர். இம்மதிப்பீடு எமக்கு உடன்பாடானதன்று. காப்பியம் புலவர் அவையை நோக்கியது. வியாகுல பிரசங்கமோ தவக்காலத்திலே கூடியிருந்து, ஒருவர் இசையோடு வாசிக்க மற்றையோர் கேட்டு அழும் மக்களை நோக்கியது. எழுத்தறியாத வலைஞர் கேட்டு விளங்கத்தக்க உரைநடையொன்று அச்சுக்கும் பள்ளிக்கூடத்திற்கும் முன்னரே ஈழத்தில் உருவாயிற்று என்பது தமிழ் உரைநடை வரலாற்றிலே உரிய இடம்பெறாத செய்தியாகும்.

இவ்வுரைநடை எடுத்தாண்ட மரபிலே ஒரு சொல் நமது கவனத்திற்குரியது. கத்தோலிக்கத் தமிழிலே பத்துக் கட்டளைகளும் பத்துக் கற்பனைகள் எனப்பட்டன. கற்பனை என்பது விதிக்கப்பட்டது, ஏற்படுத்தப்பட்டது என்னும் பழம்பொருளில் அங்கு வழங்கியது. இலக்கிய மாணவராகிய நமக்கோ அச்சொல் கவிஞனின் புனைவைக் குறிப்பது. மறுபுறம், ஈழத்துத் தமிழிலே அரசியலமைப்பை அரசியல் யாப்பு எனக் குறிப்பிடுவதும் உண்டு. கடவுளின் சட்டம் கற்பனையாகவும் அரசின் சட்டம் யாப்பாகவும் பெயர் பெற்றமை தற்செயலே எனினும், இரண்டுமே மனிதரால் இயற்றப்பட்டு மனிதர்க்கு மேலே நிறுத்தப்பட்டவை என்பதை இப்பெயர்கள் தம்மையறியாமலே ஒப்புக்கொள்கின்றன எனலாம். வேதம் என்ற சொல்லின் கதியும் இத்தகையதே. நூலையும் சமயத்தையும் சட்டத்தையும் ஒருங்கே குறித்த அச்சொல்லுக்குள், அரசனின் ஆணைக்கு மேலான ஆணை ஒன்று உண்டு என்ற எண்ணம் பொதிந்திருந்தது. ஒல்லாந்தர் கட்டளை நிலவிய காலத்தில் அவ்வெண்ணம் வெறும் இறையியல் அன்று. இரவிலே குருவை மறைத்து வைத்த குடும்பத்திற்கு அது உயிரைப் பணயம் வைப்பதற்கான நியாயமாயிற்று. ஆதிக் கிறித்தவம் ஒடுக்கப்பட்டோரின் இயக்கமாகத் தொடங்கியது என்று ஏங்கெல்ஸ் கூறியதை இக்கரையிலும் ஓரளவு பொருத்திப் பார்க்கலாம்.

எனினும் அவ்வெண்ணத்தின் எல்லையும் அக்காலத்திலேயே தெளிவாக இருந்தது. கத்தோலிக்கக் கூத்துக்களை நோக்கின் இது புலனாகும். மூவிராசாக்கள் நாடகம், எஸ்தாக்கியார் கதை முதலியன மேற்குக் கரையோரக் கத்தோலிக்கரிடையே நிலவிய மரபின் பகுதிகள். சிங்கள நாடகம என்ற அரங்க வடிவமும் இத்தமிழ் மரபிலிருந்து கிளைத்ததே. இக்கூத்துக்களிலே கொலுவிருக்கும் அரசன் ஆணையிடுகிறான், அடியவன் மறுக்கிறான். ஏரோதுவின் ஆணையும் உரோமச் சக்கரவர்த்தியின் ஆணையும் அநீதியானவை என்பதைக் காண்போர் ஐயமின்றி உணர்கின்றனர். ஆனால் முடிவு யாது? அடியவன் மாள்கிறான், அன்றேல் அரசன் மனந்திரும்புகிறான். சட்டத்தை மக்கள் மாற்றியமைக்கும் காட்சிக்கு அம்மேடையில் இடமில்லை. அநீதியை இனங்காணக் கற்றுக்கொடுத்த அரங்கு, அதனை அகற்றும் பொறுப்பை விண்ணுலகிடம் ஒப்படைத்துவிட்டது.

1806இல் பிரித்தானியர் கத்தோலிக்கருக்கெதிரான ஒல்லாந்தச் சட்டங்களை நீக்கினர். இத்துடன் நிலைமை தலைகீழாயிற்று. சட்டத்துக்கு வெளியே நின்ற திருச்சபை கரையோரக் கிராமத்திலே தானே சட்டமாயிற்று. அரசாங்கத்தின் மீன்வரி ஒழிந்த பின்னரும் மேற்குக் கரையோரக் கத்தோலிக்கக் கிராமங்களிலே பிடிபட்ட மீனில் ஒரு பங்கு கோயிலுக்கெனப் பெறப்பட்டது. அதனை அறவிடும் உரிமை குத்தகைக்கும் விடப்பட்டது. குருமாரின் பராமரிப்புக்குக் கொடுத்தல் திருச்சபைக் கட்டளைகளுள் ஒன்றாக ஞானோபதேசத்திலே கற்பிக்கப்பட்டமையையும், பிதா மாதாவைச் சங்கிக்க வேண்டுமென்ற நான்காம் கற்பனை ஆள்வோருக்கும் மேலோருக்கும் கீழ்ப்படிதலாக விரித்துரைக்கப்பட்டமையையும் இதனோடு சேர்த்து நோக்க வேண்டும். கரைவலைச் சொந்தக்காரனான சம்மாட்டிக்கும் கயிறிழுக்கும் தொழிலாளிக்கும் கற்பனை ஒன்றுதான். ஆனால் வலை ஒருவனுடையது, முதுகு மற்றவனுடையது. குறைந்த பங்கு பெற்றவனின் மனத்தாங்கல் பாவசங்கீர்த்தனத்திலே பொறாமை என்ற பாவமாகப் பதிவாவதற்கு இப்போதனை வழிசெய்தது.

குடும்பச் சட்டத்திலும் இதுவே நிகழ்ந்தது. மட்டக்களப்பிலும் புத்தளத்திலும் வாழ்ந்த முக்குவரிடையே சொத்து சகோதரியின் பிள்ளைகளைச் சேரும் தாய்வழி உரிமைமுறை நிலவியது. கற்பிட்டியிலே 1807இற் பிறந்த சைமன் காசிச்செட்டி புத்தள முக்குவரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிவைத்தார். பிற்காலத்திலே சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாகவும் விளங்கினார். தன் மண்ணின் வழமைகளை அன்போடு தொகுத்த அறிஞரே அவற்றை அடக்கியாண்ட சட்டத்தின் ஆசனத்திலும் அமர்ந்திருந்தார் என்பது காலனித்துவப் புத்திஜீவியின் நிலையைத் துலக்குகின்றது. கிறித்தோபர் பிரிற்றோ முக்குவர் சட்டத்தை நூலாக்கி வெளியிட்ட 1876ஆம் ஆண்டிலேயே, அவ்வாண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதனை வழக்கொழியச் செய்தமை வரலாற்றின் கேலி போலும். கணவன், மனைவி, அவர்தம் பிள்ளைகள் என்ற குடும்பமே சொத்தின் இயல்பான அலகு என அச்சட்டம் கொண்டது. கோயில் பீடத்திலிருந்து போதிக்கப்பட்ட குடும்பமும் அதுவே. தனியுடைமைக்கு ஏற்ற குடும்ப வடிவம் ஒருபுறம் உரோம–ஒல்லாந்தச் சட்டமாகவும் மறுபுறம் இறைவனின் திருவுளமாகவும் தோன்றியதை நாம் காண்கிறோம்.

இனி நமது காலத்துக்கு வருவோம். சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு எந்தச் சமயத்தின் அனுட்டானத்தையும் தடுக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்றது. 1960இன் 5ஆம் இலக்கச் சட்டத்தாலும் 1961இன் 8ஆம் இலக்கச் சட்டத்தாலும் உதவிபெறும் பாடசாலைகள் அரசுடைமையானபோது, கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள் அமர்ந்து போராடினர். மேலான சட்டம் என்ற பழைய எண்ணம் ஒரு கணம் மீண்டும் உயிர்பெற்றது. ஆனால் இம்முறை அது காத்து நின்றது நிறுவனத்தின் சொத்தையே. அதே ஆண்டுகளில், அதே கரையோரத்தில், கத்தோலிக்கப் பிள்ளைகள் தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாறிக்கொண்டிருந்தனர். 1939இல் அமைந்த சிலாப மறைமாவட்டத்தை 1940 முதல் 1972 வரை ஆண்ட ஆயர் எட்மண்ட் பீரிஸ் சிங்களக் கத்தோலிக்க இலக்கியத்தில் ஆழ்ந்த புலமையுடையவர். பாடசாலையிலும் வழிபாட்டிலும் சிங்களம் தமிழின் இடத்தைப் பெற்றதில் அவரது பங்கு பெரிதென்பது ஆய்வாளர் பலரது முடிபு. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மக்கள் மொழியில் வழிபாட்டுக்கு வழிவிட்டது. இலத்தீனிலே பூசை நடந்தவரை எது மக்கள் மொழி என்ற வினா எழவில்லை. எழுந்தபோது, இருமொழி பேசிய கோயில்கள் பலவற்றில் விடையளித்தோர் மக்கள் அல்லர்.

இதனை ஒரு தனிமனிதரின் செயலாகக் காண்பது வரலாற்றுப் பொருள்முதல்வாதத்துக்கு ஒவ்வாது. மீன் கொழும்புச் சந்தைக்குச் சென்றது. தென்னந்தோட்டப் பொருளாதாரம் சிங்கள உள்நாட்டோடு கரையோரத்தைப் பிணைத்தது. 1956இன் பின் அரச உத்தியோகத்துக்குச் சிங்களமே திறவுகோலாயிற்று. இன்று தம்மைச் சிங்களவர் எனக் கருதும் இம்மக்களை ‘இழந்த தமிழர்’ என்று புலம்புவோருடனும் நாம் சேரமாட்டோம். இன அடையாளம் வரலாற்றின் விளைவே. எமது வினா வேறு. ஒரு மக்கட் கூட்டத்தின் பாட்டும் பிரசங்கமும் கூத்தும் இரு தலைமுறைகளில் அவர்களுக்கே விளங்காதனவாயின. ஆயினும் 29ஆம் பிரிவு ஓரிடத்திலும் மீறப்படவில்லை. சமயச் சுதந்திரம் முழுமையாக இருந்தது. ‘யூதர் பிரச்சினை பற்றி’ என்ற கட்டுரையிலே மார்க்ஸ் காட்டிய அரசியல் விடுதலையின் குறைபாடு இதுவே: யாப்பு சமயத்தைக் காத்தது, சமய நிறுவனம் தன்னைக் காத்தது, இடையிலே வலைஞனின் நாவுக்குக் காவலில்லை.

முற்போக்காளர் இங்கு தம்மை விலக்கிக்கொள்ள முடியாது. பாடசாலைகளை அரசுடைமையாக்கியமை சரியானதே. சமய நிறுவனங்களின் கல்வி ஏகபோகம் உடைக்கப்பட வேண்டியதாகவே இருந்தது. ஆயின் அந்த அரசு எந்த மொழியின் அரசு என்ற வினாவை இடதுசாரி இயக்கம் அன்று உரத்துக் கேட்கவில்லை. 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து நின்ற கொல்வின் ஆர். டி சில்வா, அரசியலமைப்பு அமைச்சராகவிருந்து 1972ஆம் ஆண்டு யாப்பை உருவாக்கினார். அதிலே 29ஆம் பிரிவு மறைந்தது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் தரும் 6ஆம் பிரிவு வந்தது. 1978இல் அது 9ஆம் உறுப்புரையாகத் தொடர்ந்தது. கற்பனையை யாப்புக்கு மேலே நிறுத்துவதைக் கண்டித்து வந்தோர், தாமே கற்பனையொன்றை யாப்பினுள் எழுதிவைத்தனர். இதன் விளைவு 2003இல் தெளிவாயிற்று. மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியர் சபையைக் கூட்டிணைக்கும் சட்டமூலத்தைப் பரிசீலித்த உயர்நீதிமன்றம், சமயத்தைப் பரப்பும் உரிமையை யாப்பு உறுதிசெய்யவில்லை என்றும், கிறித்தவத்தைப் பரப்புவது 9ஆம் உறுப்புரைக்கு முரணானது என்றும் தீர்மானித்தது. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு 2005இல் இதற்கு மாறான கருத்தை வெளியிட்டது. யூத–கிறித்தவ யாப்புக் கொள்கையை அமெரிக்காவிலிருந்து இறக்குமதி செய்ய விரும்புவோர் இத்தீர்ப்பைப் படிக்க வேண்டும். ஒரு சமயமே யாப்பின் வேர் என்று ஒருவர் கூறத் தொடங்கின், எண்ணிக்கையில் மிக்கோர் தம் சமயமே அவ்வேர் என்று கூறுவதை மறுக்க அவரிடம் நியாயம் எஞ்சாது.

சிலாபத்துக்கு வடக்கேயுள்ள உடப்பிலே, திரௌபதை அம்மன் கோயிலைச் சுற்றி வாழும் மீனவர் தமிழை இழக்கவில்லை. கற்பிட்டிக் குடாநாட்டு முஸ்லிம்களும் இழக்கவில்லை. தலவில புனித அன்னம்மாள் திருவிழாவிலே தமிழ்ப் பூசையும் நடைபெறுகின்றது. எனவே கடலோ தொழிலோ மட்டும் இம்மாற்றத்தை விளக்கப் போதா. கிராமத்தின் நிறுவனம் யார் கையில், எந்த மொழியில் இயங்கியது என்பதையும் ஆராய வேண்டியுள்ளது. உடப்புக் கோயிலுக்கும் தனக்கேயுரிய வரியும் கட்டுப்பாடும் உண்டு. அதனையும் இதே அளவுகோலால் அளத்தல் தகும். சாங்கோபாங்கரின் நூற்பிரதிகள், கூத்தேடுகள், கோயில்களின் மீன்குத்தகைக் கணக்குகள் ஆகியவற்றைத் தேடித் தொகுப்பதோடு, ஞானோபதேச வகுப்பு எந்தக் கிராமத்தில் எந்த ஆண்டிலே தமிழை விட்டது என்பதைக் கோயில் கோயிலாகக் குறித்துக்கொள்ளவும் வேண்டும். தமிழிற் பத்துக் கற்பனைகளை மனனஞ் செய்த முதியோர் வாழும் காலத்திலேயே இதனைச் செய்தல் கூடும்.