சுவர் இல்லாத சித்திரம்

அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் இரயில் தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் 1435 மில்லிமீட்டர் ஆகும். இதை 87 ஆல் வகுத்துப் பாருங்கள், 16.5 மி.மீ. கிடைக்கும். 160 ஆல் வகுத்தால் 9 மி.மீ.; 220 ஆல் வகுத்தால் 6.5 மி.மீ. மாதிரி இரயில் என்னும் பொழுதுபோக்கு முழுவதும் இந்த வகுத்தல் கணக்கின்மீதே நிற்கிறது. 87இல் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்த வண்டிகளை ‘எச்.ஓ.’ என்றும், 160இல் ஒரு பங்கானவற்றை ‘என்’ என்றும், 220இல் ஒரு பங்கானவற்றை ‘இசட்’ என்றும் அழைக்கிறார்கள். இன்னும் ‘ஓ’, ‘எஸ்’, ‘டி.டி.’ எனப் பல அளவுகள் உண்டு.

20 மீட்டர் நீளமுள்ள ஓர் உண்மையான பெட்டி எச்.ஓ. அளவில் 23 செ.மீ. இருக்கும், என் அளவில் 12.5 செ.மீ.; இசட் அளவில் 9 செ.மீ. ஒன்றின் வண்டி மற்றதன் பாதையில் ஓடாது. அருகருகே வைத்தாலும் பார்க்கச் சகிக்காது. ஆகவே மாதிரி இரயில் ஆர்வலர் ஒருவர் கடைக்குள் நுழைந்ததும் கேட்கும் முதற்கேள்வி ‘எஞ்சின் எங்கே?’ என்பதன்று, ‘எச்.ஓ. எங்கே?’ என்பதுதான். செருப்பு வாங்கப் போகிறவர் முதலில் தம் கால் அளவைச் சொல்வது போன்றது இது. 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசிய மாதிரி இரயில் சங்கம் தோன்றியதே, ஒரு கம்பெனியின் பொருள் மற்றொரு கம்பெனியின் பொருளோடு பொருந்தி ஓட வேண்டும் என்பதற்காகத்தான்.

இந்தப் பொருள்களை உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் சிறு தொகுதிகளாகவே செய்கிறார்கள். ஒரு தொகுதி விற்றுத் தீர்ந்தால், பழைய பொருள் சந்தையைத்தான் நாட வேண்டும். 1995இல் பியர் ஒமிடியார் தொடங்கி, 1997 முதல் ‘ஈபே’ என்ற பெயரில் நடந்துவரும் இணைய ஏலக்கடை, இவர்களுக்கு அத்தகைய சந்தையாக அமைந்தது. அதன் அமெரிக்கத் தளத்தில் மாதிரி இரயில் பிரிவுக்குள் சென்றால் முதலில் அளவுகள் வரிசையாக நிற்கும். எச்.ஓ. என்ற கதவைத் திறந்தால் உள்ளே எஞ்சின்கள், சரக்கு வண்டிகள், பிரயாணிப் பெட்டிகள் என்று அறைகள் இருக்கும்.

2020ஆம் ஆண்டை ஒட்டி இந்த ஏற்பாடு மாறிற்று. இப்பொழுது முதற்கதவு பொருளின் வகை. எஞ்சின் என்றால் எல்லா அளவு எஞ்சின்களும் ஒரே கூடத்தில் கிடக்கும். அளவு என்பது விற்பவர் நிரப்பும் படிவத்தில் ஒரு கட்டமாகிவிட்டது. வாங்குபவர் அந்தக் கட்டத்தைக் கொண்டு சலித்தெடுக்க வேண்டும். பல ஆண்டுகளாக ஒரே அறைக்குள் தினமும் எட்டிப் பார்த்துப் பழகியவர்கள் சினம் கொண்டார்கள். இது முட்டாள்தனமான மாற்றம் என்பது அவர்கள் கட்சி. நாம் அந்தக் கட்சியில் பாதி தூரம் மட்டுமே செல்ல முடியும். ஏன் என்பதைக் காண்போம்.

லண்டன் பொம்மைக்கடையில் பிறந்த யோசனை

புதிய ஏற்பாட்டின் தத்துவம் ஈபே கண்டுபிடித்ததன்று. அதன் பிதாமகர் சீர்காழியில் 1892இல் பிறந்த டாக்டர் எஸ். ஆர். ரங்கநாதன் எனலாம். கணித ஆசிரியராக இருந்த அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்று, நூலகப் பயிற்சிக்காக லண்டன் சென்றார். அங்கே செல்ஃபிரிட்ஜ் அங்காடியில் ‘மெக்கானோ’ என்ற பொம்மைப் பெட்டியை அவர் கண்டார். துளையிட்ட பட்டைகள், சக்கரங்கள், அச்சுகள், திருகாணிகள் ஆகிய அதே உறுப்புகளைக் கொண்டு விற்பனையாளர் பல வேறு பொம்மைகளைப் பூட்டிக் காட்டினார். புத்தகங்களின் வகைப்பாட்டையும் இவ்வாறே உறுப்புகளாகச் செய்துவைத்து, வேண்டும்போது பூட்டிக்கொள்ளலாமே என்று ரங்கநாதனுக்குத் தோன்றியது. பூட்டும் திருகாணியாக முக்காற்புள்ளியை வைத்தார். 1933இல் வெளியான அவருடைய கோலன் பகுப்பு முறைக்கு அப்பெயர் வந்தது இந்தப் புள்ளியால்தான். (1:87 என்று அளவை எழுதும்போதும் அதே முக்காற்புள்ளிதான் வருகிறது. இது வெறும் தற்செயல். ஆயினும் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.)

தற்செயல் இன்னொன்றும் உண்டு. மெக்கானோவை உருவாக்கிய லிவர்ப்பூல் நகரத்து ஃபிராங்க் ஹார்ன்பிதான் 1920இல் ஹார்ன்பி பொம்மை இரயில்களையும் வெளியிட்டவர். ஈபேயில் ஏலத்துக்கு வரும் பழைய ஹார்ன்பி எஞ்சினும், அதை வகைப்படுத்தும் தத்துவமும் ஒரே பட்டறையைத் தொட்டு வந்தவை!

மரக்கிளை போன்ற பழைய முறையில் ஒரு பொருளுக்கு ஓரிடம்தான் உண்டு. குறுகிய மலை இரயிலை 87இல் ஒரு பங்காகச் சுருக்கி 9 மி.மீ. பாதையில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வண்டி உடலால் எச்.ஓ.; காலால் என். அதை எந்த அறையில் வைப்பது? பென்சில்வேனியா இரயில்வேயின் வண்டிகளை மட்டும் எல்லா அளவிலும் சேர்ப்பவர் எத்தனை கதவுகளைத் தட்டுவது? பொருளின் ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியே குறித்துவைத்தால் இத்தொல்லை இல்லை. கம்பெனி ஒரு முகம், அளவு ஒரு முகம், பாதை அகலம் ஒரு முகம். வாங்குபவர் தமக்கு வேண்டிய முகங்களைப் பூட்டிக்கொள்வார். கொள்கை அளவில் புதிய முறையே மேலானது.

படிவத்தை நிரப்புபவர் யார்?

கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. நூலகத்தில் ஒரு நூலின் முகங்களைக் குறிப்பவர் அதற்கென்றே பயிற்சி பெற்ற பகுப்பாளர். ஏலக்கடையில் குறிப்பவர் விற்பவர். அவர் தேர்ந்த வியாபாரியாக இருந்தால் நல்லது. ஆனால் நல்ல பழைய சேகரிப்புகள் பல, இறந்துபோன ஆர்வலரின் பிள்ளைகள் வழியாகவே சந்தைக்கு வருகின்றன. பரணில் இருந்து இறக்கிய அட்டைப் பெட்டியைத் திறந்து பார்க்கும் மகளுக்கு எச்.ஓ. என்றால் என்ன, என் என்றால் என்ன என்று தெரிந்திருக்க நியாயமில்லை. பழைய முறையில் அவர் ஏதாவது ஓர் அறையைத் தேர்ந்தெடுக்காமல் பொருளை வைக்கவே முடியாது. ஆகையால் விசாரித்தாவது தெரிந்துகொண்டிருப்பார். அளவு கட்டாயமில்லாத கட்டமாக மாறினால் அதைக் காலியாக விட்டுவிடலாம். காலியாக விட்ட பொருள், எச்.ஓ. என்று சலித்துப் பார்ப்பவரின் கண்ணில் படாது.

இதனால் என்ன நஷ்டம்? ஈபேயின் ஏல விதியைப் பாருங்கள். ஒவ்வொருவரும் தாம் கொடுக்கக்கூடிய உச்சத் தொகையை மறைவாகப் பதிந்து வைக்கிறார்கள். தேவைப்படும் அளவுக்கு மட்டுமே இயந்திரம் கேள்வியை உயர்த்திச் செல்கிறது. ஆகவே இறுதி விலையைத் தீர்மானிப்பவர் வென்றவர் அல்லர். அவருக்கு அடுத்தபடி நின்றவர். 10 டாலரில் தொடங்கும் ஓர் எஞ்சினுக்கு ஒருவர் 120 டாலரும் இன்னொருவர் 100 டாலரும் தரத் தயார் என்று வைத்துக்கொள்வோம். விலை 100 டாலரைச் சற்றே தாண்டி நிற்கும். இருவரில் எவரேனும் ஒருவர் அந்தப் பொருளைப் பார்க்கத் தவறினால், மற்றவர் அதை 10 டாலருக்கே எடுத்துச் செல்வார். நூறு பேர் போட்டியிடும் பொருளில் ஒருவர் குறைவதால் பெரிய மாற்றம் இராது. மாதிரி இரயிலில், அதுவும் எஸ் போன்ற அரிய அளவுகளில், ஓர் எஞ்சினுக்காக ஏங்குபவர் உலகிலேயே இரண்டு மூன்று பேர்தான் இருக்கக்கூடும். ஒரு கட்டம் காலியானதற்கு அந்த மகள் 90 டாலர் தண்டம் கட்டுகிறார். கட்டியது அவருக்கே தெரியாது. நிலையான விலைக்கு வைக்கும் பொருள்களும் ஈபேயில் ஏராளம். அங்கே இந்த நஷ்டம் விலையில் தெரியாது; விற்காமல் கிடக்கும் மாதங்களில் தெரியும்.

நிரப்பினாலும் சங்கடம் தீர்வதில்லை. அளவு வேறு, பாதை அகலம் வேறு என்பதைப் பலர் அறியார். பிரிட்டனில் வழங்கும் ‘ஓ.ஓ.’ வண்டிகள் ஓடுவது எச்.ஓ. பாதையாகிய அதே 16.5 மி.மீ. பாதையில்தான். ஆனால் அவற்றின் உடல் 76இல் ஒரு பங்கு. பிரிட்டிஷ் எஞ்சின்கள் சிறியவை. அந்நாளைய மோட்டாரை உள்ளே அடக்க வேண்டி உடலை மட்டும் பெரிதாக்கினார்கள். கணக்கின்படி அவற்றுக்கு உரிய பாதை 18.8 மி.மீ. ஆகும். நம் நாட்டு அகலப் பாதைக்கும் இதே கதிதான். 1676 மி.மீ. என்பதை 87 ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வருகிறது. இந்திய எஞ்சினை எச்.ஓ. அளவில் செய்து, கடையில் கிடைக்கும் 16.5 மி.மீ. பாதையில் ஓட விடுபவர், தண்டவாளம் ஒடுங்கித் தெரிவதைப் பொறுத்துக்கொண்டுதான் ஆக வேண்டும்.

டி.டி. இன்னும் மோசம். 1957இல் பிரிட்டனில் டிரையாங் கம்பெனி வெளியிட்ட டி.டி. வண்டிகள் அடிக்கு 3 மி.மீ. கணக்கில், அதாவது ஏறத்தாழ 102இல் ஒரு பங்காகச் செய்தவை. ஹார்ன்பி நிறுவனம் 2022இல் அறிவித்த டி.டி. வண்டிகளோ, ஐரோப்பியக் கண்டத்து வழக்கப்படி 120இல் ஒரு பங்கு. இரண்டுக்கும் பாதை 12 மி.மீ. ‘டி.டி.’ என்று மட்டும் எழுதிய கட்டம் இந்த இரண்டையும் ஒரே கூடையில் போட்டுவிடும்.

எழுத்துகளும் ஏமாற்றுகின்றன. எச்.ஓ. என்பதன் பின்பகுதி ஆங்கிலத்தில் ‘ஓ’ என்ற எழுத்து. ஜெர்மானியர் அதைப் பூச்சியமாக எழுதுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கணிப்பொறிக்கு வெவ்வேறு. மார்க்லின் கம்பெனியின் எச்.ஓ. வண்டிகளோ மூன்று கடத்திகளைக் கொண்ட மாறுமின்னோட்ட முறையில் வளர்ந்தவை. சக்கரங்களுக்கிடையே மின்காப்பு இல்லாதவை. அத்தகைய வண்டியைச் சாதாரண இரட்டைத் தண்டவாளத்தில் ஏற்றினால் குறுக்குச் சுற்று ஏற்படும். அளவும் சரி, அகலமும் சரி; ஆயினும் ஓடாது.

சுவர் எது?

முகங்களைக் குறித்தால் மட்டும் போதாது, அவற்றை எந்த வரிசையில் வைப்பது என்பதற்கும் ரங்கநாதன் விதிகள் வகுத்தார். அவற்றுள் ஒன்றுக்குச் ‘சுவர்-சித்திரக் கோட்பாடு’ என்று பெயர். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்ற நம் பழமொழி நினைவுக்கு வருகிறதல்லவா? ஒரு முகம் இல்லாமல் மற்றொன்றைப் பற்றிப் பேசவே முடியாது என்றால் அந்த முதல் முகமே முன்னால் வர வேண்டும் என்பது அதன் பொருள். மாதிரி இரயிலில் அளவுதான் சுவர். எஞ்சினா, பெட்டியா, எந்தக் கம்பெனி, எந்த நிறம் என்பனவெல்லாம் அதன்மேல் எழுதும் சித்திரங்கள். ஈபே செய்த பிழை கட்டங்களை அமைத்தது அன்று. சுவரைச் சித்திரங்களுள் ஒன்றாக்கியது.

திருத்துவது அரிய காரியமன்று. அளவு, பாதை அகலம், மின்முறை ஆகிய மூன்றையும் தனித்தனிக் கட்டங்களாக்கி, நிரப்பாமல் மேலே செல்ல முடியாதபடி செய்யலாம். ‘தெரியாது’ என்ற விடையையும் அனுமதிக்கலாம். காலிக் கட்டத்தைவிடத் ‘தெரியாது’ நேர்மையான செய்தி. பழைய கதவுகளையும் திரும்ப வைக்கலாம். ‘எச்.ஓ. எஞ்சின்கள்’ என்பது இரண்டு முகங்களை முன்கூட்டியே பூட்டிவைத்த ஒரு தொகுப்புத்தானே! வாசகரின் நேரத்தைக் காப்பதை நூலகத்தின் விதிகளுள் ஒன்றாகவே வைத்த ரங்கநாதன் இதை மறுத்திருக்கமாட்டார்.

அதுவரை வாங்குபவர் செய்யக்கூடியவை சில உண்டு. சலிக்கும்போது ‘குறிப்பிடப்படாதவை’ என்ற குவியலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கவனிப்பாரற்ற நல்ல பொருள்கள் அங்கேதான் கிடக்கும். எச்.ஓ. என்பதைப் பூச்சியத்தோடும் ஒருமுறை தேடிப் பார்க்கலாம். பரணிலிருந்து பெட்டியை இறக்கியவர்களுக்கு வேண்டியது ஓர் அடிக்கோல்தான். சக்கரங்களின் குறுக்கே அதை வைத்து ஒரு படம் எடுத்துப் போட்டால் பாதை அகலம் விளங்கிவிடும். ஒரே அகலத்துக்கு இரண்டு அளவுகள் இருக்கக்கூடும் ஆதலால், வண்டியின் நீளத்தையும் மில்லிமீட்டரில் எழுதிவிட்டால் மீதி வகுத்தல் கணக்கை வாங்குபவர் தாமே போட்டுக்கொள்வார்.