பம்பின் வளைகோடு
திருவண்ணாமலையைச் சுற்றிய ஊர்களில் தோண்டினால் பாறை. போர்வெல் ஆழமாகத்தான் போகும். கோயம்புத்தூரிலிருந்து வரும் சப்மெர்சிபிள் மோட்டாரின் கேட்டலாக்கில் நான் முதலில் தேடுவது விலையை அல்ல, எவ்வளவு உயரத்துக்கு எவ்வளவு தண்ணீர் ஏற்றும் என்று காட்டும் வளைகோட்டை.

அது பிறப்பது சோதனை மேடையில். வால்வை முழுக்க மூடினால் அழுத்தம் உச்சம், நீரோட்டம் பூஜ்யம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், எத்தனை மீட்டர் ஹெட் (நீரை ஏற்றக்கூடிய உயரம்) என்று குறிக்கிறார்கள். கிடைப்பவை சற்றே சிதறிய புள்ளிகள். 1805இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லெஜாந்தர் வெளியிட்ட குறைந்த வர்க்க முறை அவற்றினூடே ஓர் இருபடிக் கோட்டைப் பொருத்துகிறது. மூன்றே எண்களில் பம்பின் குணம்! எல்லாப் புள்ளியையும் தொட்டே தீருவேன் என்று ஆறாம் படிக்குப் போனால் கோடு நெளியும்; மீட்டரின் தடுமாற்றத்தையும் பம்பின் தலையில் கட்டிவிடும். சற்று விலகிப்போகும் கோடே எனக்கு அழகு.

அதன்மேல் கிணற்றின் கோட்டையும் வரையுங்கள்: நீர்மட்ட ஆழத்தோடு தொட்டி உயரத்தைக் கூட்டிய இடத்தில் தொடங்கி, குழாய் உராய்வால் ஏறுவது. இரண்டும் வெட்டுமிடத்தில்தான் பம்பு ஓடும். சித்திரையில் நீர்மட்டம் இறங்கினால் அந்தப் புள்ளி இடப்பக்கம் நகரும், தண்ணீர் குறையும். குதிரைத்திறனை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். கடைக்காரரிடம் வளைகோட்டையும் கேளுங்கள்.