மனம் திரும்பிற்று; மதில் விழுந்ததா?

திருச்சி மலைக்கோட்டையின் உச்சியில் நின்று பார்ப்பவன் கண்ணுக்கு இரண்டு காட்சிகள் தப்பாமல் தென்படும். அடிவாரத்தில், தெப்பக்குளத்தின் அருகே, லூர்து மாதா கோவிலின் கூர்த்த கோபுரம். வடக்கே, காவிரிக்கு அப்பால், திருவரங்கத்தின் நெடிய கோபுரங்கள். இரண்டு இடத்துப் பாடல்களிலும் பொதுவாக ஒலிக்கும் குரல் ஒன்று உண்டு. தான் பாவி என்றும், பிழை செய்தேன் என்றும், பொறுத்தருள வேண்டும் என்றும் ஆண்டவனிடம் உருகும் குரல் அது. கிறித்தவத் தமிழ் அதற்கு அழகானதொரு பெயரும் சூட்டியிருக்கிறது: மனந்திரும்புதல்.

நல்ல சொல்தான். ஆனால், திரும்பிய மனம் எந்தத் திசை நோக்கித் திரும்பிற்று? விண்ணை நோக்கியா? பக்கத்தில் நிற்கும் மனிதனை நோக்கியா? இந்த ஒரு கேள்வியை உரைகல்லாகக் கொண்டு நம் இலக்கியத்தை உரைத்துப் பார்ப்போம்.

முதலில் 'இரட்சணிய யாத்திரிகம்'. நெல்லைச் சீமையில் 1827இல் வைணவ வேளாளர் குடியில் பிறந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்ற எச்.ஏ. கிருட்டிணபிள்ளை, ஆங்கிலப் புலவர் ஜான் பனியனின் மோட்சப் பயணக் கதையைத் தழுவிப் பாடி, 1894இல் வெளியிட்ட காப்பியம் அது. அவரைக் கிறித்தவக் கம்பர் என்பார்கள். புகழ்ச்சி பொய்யன்று. சமயத்தை மாற்றிக்கொண்டவர் தமிழை மாற்றிக்கொள்ளவில்லை. ஆழ்வார் பாசுரங்களில் ஊறிய நா, சிலுவையைப் பாடியபோதும் அதே நெகிழ்ச்சியோடு பாடிற்று. தமிழுக்கு அதனால் வரவேயன்றிச் செலவு இல்லை.

ஆனால் கதையின் போக்கைக் கவனியுங்கள். அழியப்போகும் ஊரில் ஒருவன் இருக்கிறான். முதுகிலே பாவச்சுமை. ஊரை விட்டு ஓடுகிறான். சிலுவையடியில் சுமை கழன்று விழுகிறது. இடர் பல கடந்து முத்தி நகர் சேர்கிறான். அவன் தப்பினான், சரி. அவன் விட்டுச் சென்ற ஊர் என்னவாயிற்று? அவன் பாவத்தால் துன்புற்றவர் எவரேனும் அங்கு இருந்தனரா? அவர்தம் முதுகிலிருந்த சுமையை யார் இறக்கினர்? காப்பியம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அதன் கவிநயத்தில் குறையில்லை. தனியொருவன் மீட்சியோடு நின்றுவிட்ட கருத்திலேதான் குறை.

கருத்துக் குறை நடைமுறையில் என்ன செய்யும் என்பதற்குச் சான்று, தஞ்சை வேதநாயக சாத்திரியார் (1774–1864). சுவார்ட்சு ஐயர் என்னும் செருமானியப் பாதிரியாரின் வளர்ப்பு மாணாக்கர். 'பெத்லகேம் குறவஞ்சி' பாடிய சுவிசேட கவிராயர். திருச்சிக் கோட்டைக்குள் 1766இல் கிறித்து ஆலயத்தை எழுப்பியவரும் அதே சுவார்ட்சுதான். பாவத்தையும் மீட்பையும் சாத்திரியார் அளவுக்குத் தேனொழுகப் பாடியோர் சிலரே.

அவர் காலத்தில் ஒரு பூசல் எழுந்தது. ஆலயத்தில் எல்லாரும் ஒன்றாய் அமர வேண்டும். நற்கருணைக் கிண்ணத்தில் சாதி பாராது பருக வேண்டும் என்று புதிதாக வந்த பாதிரிமார் வற்புறுத்தினர். கவிராயர் என்ன செய்தார்? 1829இல் ஒரு நூல் எழுதினார். அதன் பெயர் 'சாதி திருத்தலின் பயித்தியம்'! பாவத்திலிருந்து திருந்தலாம்; சாதியிலிருந்து திருந்துவது மட்டும் பைத்தியம்! உள்ளம் உருகிய அதே புலவர், உடன் அமர்வதற்கு உருகவில்லை.

சாதி வழக்கம் குறித்து விசாரிக்கத் தலைப்பட்ட ஈபர் பேராயர் 1826 ஏப்ரல் 3ஆம் நாள் திருச்சியில் நீராடும்போது மாண்டார். பின்வந்த வில்சன் பேராயர் 1833இல், திருச்சபையில் சாதி அறவே ஒழிய வேண்டும் என ஆணையிட்டார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சாதியை விடவில்லை. கோவிலையே விட்டு விலகினர்!

பழங்கதை என்று தள்ளிவிட முடியுமா? திருச்சி மேலப்புதூரில், கத்தோலிக்கர் கல்லறைத் தோட்டத்துக்குள் சாதிக்கொரு பகுதியாகப் பிரித்த மதில், இந்த நூற்றாண்டிலும் நாளேடுகளில் செய்தியாயிற்று. செத்த பின்னும் தீண்டாமை! மண்ணுக்குள் எலும்பும் எலும்பும் தொட்டுக்கொண்டால் எந்த மோட்சம் கெட்டுவிடும்?

இதைக் கேட்டுக் காவிரியின் வடகரையில் யாரும் கைகொட்டிச் சிரிக்க வேண்டாம். திருப்பாணாழ்வார் கதை அவர்களுடையதுதானே! ஆற்றங்கரையில் நின்ற பாணர்மீது உலோகசாரங்கர் கல்லெறிந்தார். பின்னர், அரங்கன் ஆணைப்படி அவரையே தோளில் சுமந்து கோவிலுக்குள் சென்றார் என்கிறது வைணவ மரபு. எறிந்த கையே சுமந்தது! கழுவாய் என்றால் இதுவன்றோ கழுவாய் என்று நாமும் பாராட்டியிருப்போம். ஆனால் உள்ளே சென்ற பாணர் இறைவனோடு கலந்து மறைந்துவிட்டாராம். திரும்பி வந்து, தம் குலத்தாரை உள்ளே அழைக்க அவர் இல்லை! அவருடைய பத்துப் பாசுரங்கள் கோவிலுக்குள் ஒலித்தன. அவருடைய மக்கள் வெளியே நின்றனர். கதவைத் திறக்க 1947ஆம் ஆண்டின் ஆலய நுழைவுச் சட்டம் வர வேண்டியிருந்தது.

ஆகவே, இது ஒரு மதத்தின் குற்றமன்று. கடவுளிடம் கணக்குத் தீர்த்துக்கொண்டு, மனிதனிடம் பட்ட கடனை மறந்துவிடும் பழக்கத்தின் குற்றம்.

விவிலியத்திலேயே வேறு வழி இருக்கிறது. சகேயு என்னும் வரி தண்டுவோன் மனந்திரும்பியபோது, கண்ணீர் வடித்ததாக லூக்கா எழுதவில்லை. உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், ஏய்த்துப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்புவதாகவும் அவன் கூறியதாகவே எழுதினார். அப்படித் திரும்பியோர் நம் நாட்டிலும் இருந்தனர். நெல்லை வடக்கன்குளத்தில் வேளாளரையும் நாடாரையும் ஆலயத்துக்குள் பிரித்த சுவரை, 1910இல் இடிக்கச் செய்தவர் கௌசானல் என்னும் பாதிரியாரே! பாராட்ட வேண்டிய இடத்தில் பாராட்ட நாம் தயங்கோம்.

இறுதியாக, தோழர்களே, உரைகல்லை நம் பக்கமும் திருப்புவோம். 1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னிருந்த சாதிப் பட்டத்தைத் துறந்தோம். பெருமைதான். ஆனால், தங்கைக்கு மணமகன் தேடும் நாளில், துறந்த பட்டம் திருட்டுத்தனமாகத் திரும்பி வருகிறதா, இல்லையா? மேடையில் முழங்கியவன் வீட்டில் முணுமுணுத்தால், அவனுக்கும் அந்தக் கவிராயருக்கும் என்ன வேறுபாடு?

மனம் மாறிற்று என்பதை வாய் சொல்ல வேண்டாம். இடிந்த மதில் சொல்லட்டும்!