சலிப்பும் களைப்பும்: அதிமனித நாயகர் தொடர்கள் பற்றிய ஒரு நோக்கு

அமெரிக்க வெகுசனக் கலைவடிவங்களுள் 'சுப்பர் ஹீரோ' எனப்படும் அதிமனித நாயகனின் கதை ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகால வரலாற்றினையுடையது. மலிவு விலைப் படக்கதைப் புத்தகத்திலே தோன்றி, வானொலி, திரைப்படம், தொலைக்காட்சி என ஒவ்வொரு சாதனத்தையும் தனதாக்கிக்கொண்ட இவ்வடிவம், 2010களில் உலகத் திரைப்பட வணிகத்தின் தலையாய பண்டமாக விளங்கிற்று. 2019இல் வெளிவந்த 'அவெஞ்சேர்ஸ்: என்ட்கேம்' ஏறக்குறைய 280 கோடி டொலரை ஈட்டியது. நான்கு ஆண்டுகளின் பின்னர், அதே நிறுவனம் வெளியிட்ட 'த மார்வெல்ஸ்' ஏறக்குறைய 20 கோடி டொலரையே ஈட்டியது. இவ்வீழ்ச்சியை விளக்கப் புகுந்தோர், பார்வையாளருக்குச் சலிப்பு ஏற்பட்டுவிட்டது என ஒரே சொல்லில் முடிவு கூறினர். சலிப்புக்குக் காரணம் யாது, உண்மையில் அயர்ந்துபோனவர் யாவர், இனிவரும் தொடர்களிலே புதுமைக்கு இடமுண்டா என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்தகைய ஆக்கங்களை ஆய்வுக்கு எடுத்துக்கொள்வது தகுமா எனச் சிலர் வினவக்கூடும். முதலாளித்துவ நாடொன்றின் பொழுதுபோக்குப் பண்டத்தை ஒரு சொல்லாற் கண்டித்து ஒதுக்கிவிடுவது எளிது. ஆயின் கோடிக்கணக்கான மக்கள், அவர்களுள்ளும் இளைஞர்கள், நீதி, அதிகாரம், வன்முறை ஆகியன பற்றிய தமது எண்ணங்களை இக்கதைகளின் ஊடாகவும் உருவாக்கிக்கொள்கின்றனர். அவ்வெண்ணங்கள் எவ்வாறு உற்பத்தியாகின்றன என்பதை அறியாத விமர்சனம் அரைகுறை விமர்சனமாகவே அமையும்.

முதலில் ஒரு பொதுக் கருத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். ஒரே கதை மீண்டும் மீண்டும் சொல்லப்படுவதே சலிப்புக்குக் காரணம் என்பர். இது பொருந்தாது. நமது கிராமங்களிலே பாரதக் கதைகளைக் கூத்தாக ஆண்டுதோறும் கண்டு களிப்போர், கதையின் முடிவை அறியாதவர்கள் அல்லர். பேராசிரியர் கைலாசபதி 1968இல் வெளியிட்ட தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆங்கில ஆய்வு, மில்மன் பரி, அல்பேட் லோட் ஆகியோரின் கொள்கையை அடியொற்றி, வாய்மொழிக் கவிதையில் வாய்பாடு வகிக்கும் பங்கினை விளக்கியது. அடியும் தொடரும் காட்சியும் திரும்பத் திரும்ப வருதல் அக்கவிதையின் உயிர்நிலை. பாடுவோனும் கேட்போரும் ஒரே சமூகத்தைச் சார்ந்தவராயிருந்தமையால், வாய்பாடு இருசாராருக்கும் பொதுவான உடைமையாக இருந்தது. எனவே, மீள்கூறல் ஒரு குறையன்று. யாருடைய வாய்பாடு, எத்தேவைக்காக மீளக் கூறப்படுகிறது என்பதே வினாவாகும்.

இவ்வினாவுக்கு விடைகாண அதிமனித நாயகனின் தோற்றத்தை நோக்குதல் அவசியம். யூதக் குடியேறிகளின் பிள்ளைகளான ஜெரி சீகல், ஜோ ஷுஸ்டர் என்னும் இளைஞர் இருவர், பொருளாதாரப் பெருமந்த காலத்தில் கிளீவ்லண்ட் நகரிலே சுப்பர்மானைக் கற்பனை செய்தனர். 1938இல் வெளிவந்த தொடக்கக் கதைகளிலே அவன் எதிர்த்தது வேற்றுலக அரக்கரை அன்று. சுரங்கத்திற் பாதுகாப்பு வசதிகளைச் செய்ய மறுத்த முதலாளியையும் அவனுடைய விருந்தினரையும் அச்சுரங்கத்துள்ளேயே அகப்படச் செய்து, தொழிலாளர் அனுபவிக்கும் இன்னலை உணரவைக்கின்றான். 1939இல் வந்த ஒரு கதையில், அரசு நல்ல வீடுகளைக் கட்டித்தரட்டும் என்பதற்காகச் சேரி வீடுகளைத் தகர்க்கின்றான். தீர்வு தனிமனித வீரத்திலேயே தங்கியிருந்ததெனினும், பிரச்சினை சமூகத்திலிருந்து எடுக்கப்பட்டது. வாசகர் கண்ட புதுமை, அவன் பறந்தமையில் மட்டும் இருந்ததன்று.

அந்நிலை நீடிக்கவில்லை. யுத்த காலத்தில் நாயகர்கள் தேசிய வீரர்களாயினர். 1954இல் பதிப்பாளர்கள் தாமே ஏற்படுத்திக்கொண்ட தணிக்கை விதிகள் எஞ்சியிருந்த கூர்மையையும் மழுக்கின. இத்தாலிய அறிஞர் உம்பேர்த்தோ எக்கோ 1962இல் எழுதிய கட்டுரையொன்றில் இதன் விளைவைச் சுட்டிக்காட்டினார். உலகையே மாற்றக்கூடிய ஆற்றல் படைத்த ஒருவன், சிறு நகரமொன்றின் கொள்ளையரைப் பிடிப்பதிலும் தருமம் செய்வதிலும் காலங்கழிக்கின்றான். தீமை என்பது தனியார் சொத்துக்கு இழைக்கப்படும் குற்றமாகவே அவனுக்குத் தெரிகின்றது. மேலும், அவன் மூப்படைவதில்லை. அவனுடைய செயல்கள் எதனையும் நிலையாக மாற்றுவதுமில்லை. மாறினால் அடுத்த இதழை விற்க முடியாது.

பழைய வீரனுக்கும் இந்நாயகனுக்குமிடையிலான அடிப்படை வேறுபாடு இங்குதான் அமைகின்றது. வீரயுகத்து வீரன் இறக்கின்றான், நடுகல் நாட்டப்படுகின்றது, அவன் வாழ்வு முடிந்தமையாலேயே பாடலுக்குப் பொருளாகின்றது. அதிமனித நாயகன் இறக்க முடியாதவன், ஏனெனில் அவன் ஒரு நிறுவனத்தின் சொத்து. அவனைப் படைத்தோர் அச்சொத்திலே பங்கற்றவர். சீகலும் ஷுஸ்டரும் சுப்பர்மானின் உரிமையை 130 டொலருக்கு விற்றனர். வறுமையுற்றிருந்த அவர்களுக்கு ஆண்டுக்குத் தலா 20,000 டொலர் உதவித்தொகையும் படைப்பாளர் என்ற பெயரும் 1975இலேதான் கிடைத்தன. அதுவும் பகிரங்கக் கிளர்ச்சியொன்றின் பின்னரே.

அண்மைக்காலத் தொடர்களின் நிலையை இப்பின்னணியில் நோக்கலாம். 2009இல் டிஸ்னி நிறுவனம் மார்வெல் நிறுவனத்தை ஏறக்குறைய 400 கோடி டொலருக்கு வாங்கியது. 2008 முதல் 2019 வரை 23 திரைப்படங்கள் ஒரே கதைத்தொகுதியாக வெளிவந்தன. 2019 நவம்பரிலே டிஸ்னி தனது இணையவழிச் சந்தாச் சேவையைத் தொடங்கியதும் தேவை வேறாயிற்று. திரையரங்குக்கு வருபவர் ஒருமுறை கட்டணம் செலுத்துவார். சந்தாதாரர் மாதந்தோறும் செலுத்த வேண்டும். ஆகவே மாதந்தோறும் ஏதேனும் ஒன்று இருத்தல் வேண்டும். 2021ஆம் ஆண்டில் மட்டும் மார்வெலின் நான்கு திரைப்படங்களும் ஐந்து தொடர்களும் வெளிவந்தன. ஒன்றை விளங்கிக்கொள்ள மற்றொன்றைப் பார்த்திருத்தல் வேண்டும் என்ற நிலையில், பார்த்தல் பார்வையாளருக்கு ஒரு கடமையாயிற்று. மிகையான உற்பத்தி கவனத்தைச் சிதறடித்துவிட்டதென டிஸ்னியின் அந்நாளைய தலைமை அதிகாரி பொப் ஐகர் 2023இல் ஒப்புக்கொண்டார். தொடர்களை ஆண்டுக்கு இரண்டளவிற்குக் குறைக்கப்போவதாக 2024இல் அறிவித்தார். சலிப்பு எனப்படுவது பார்வையாளரின் மனப்போக்கு மட்டுமன்று, மிகையுற்பத்தி நெருக்கடியின் வெளிப்பாடுமாகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எனினும், இத்தொடர்கள் யாவும் புதுமையற்றவை எனக் கூறுவது நேர்மையாகாது. 2021இல் வெளிவந்த 'வன்டாவிஷன்', கணவனை இழந்த பெண்ணொருத்தி, அமெரிக்கத் தொலைக்காட்சியின் பழைய குடும்ப நகைச்சுவைத் தொடர்களின் வடிவிலே தனக்கென ஓர் உலகைப் படைத்துக்கொள்வதைக் காட்டியது. வெகுசன ஊடகம் துயரத்துக்கு மருந்தாகவும் சிறையாகவும் அமைவதை உருவத்தாலேயே உணர்த்திய முதற் பகுதிகள் பாராட்டுக்குரியவை. ஆயின் இறுதிப் பகுதியில் மந்திரக்காரியர் இருவர் வானிலே ஒளிக்கதிர்களை வீசிப் பொருதுகின்றனர். ஓர் ஊர் மக்களின் மனங்களை அப்பெண் சிறைப்பிடித்து வைத்திருந்தாள் என்ற அறப்பிரச்சினை இச்சண்டையின் ஆரவாரத்தில் மங்கிவிடுகின்றது.

2022இன் 'மிஸ் மார்வெல்' நமது வாசகரின் தனிக்கவனத்துக்குரியது. ஜேர்சி நகரில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பத்துச் சிறுமி கமலா கான் இதன் நாயகி. 1947ஆம் ஆண்டுப் பிரிவினையின்போது புகையிரத நிலையத்தில் முட்டி மோதும் அகதிகளும், கூட்டத்திலே தந்தையைப் பிரிந்து தனித்த குழந்தையும் இத்தகைய தொடரொன்றிலே காட்சிப்படுத்தப்பட்டமை பெரிதும் குறிப்பிடத்தக்கது. பாகிஸ்தானிய இயக்குநர் ஷர்மீன் ஒபெய்ட் சினோய் அப்பகுதியை நெறிப்படுத்தினார். ஆயினும் கதையை நகர்த்துவது ஏகாதிபத்தியம் விட்டுச்சென்ற வடு அன்று. வேற்றுலகினர் தேடும் ஒரு வளையலே. இலட்சக்கணக்கானோரைக் காவுகொண்ட வரலாறு ஓர் ஆபரணத்தின் முன்கதையாகச் சுருங்குகின்றது. ஆறு பகுதிகளின் முடிவிலே அச்சிறுமியின் கதை, அடுத்து வரவிருந்த திரைப்படத்துக்கு விளம்பரமாகவும் ஆகிவிடுகின்றது. உள்ளடக்கம் புதிதாயினும் உற்பத்தி முறை பழையதாயின், முன்னையது பின்னையதற்கு அடங்கிப்போகும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

புதுமைக்கான மற்றொரு வழி சுயகிண்டலாகும். 2022இன் 'ஷீ-ஹல்க்' தொடரின் இறுதிப் பகுதியில், நாயகி கதையை விட்டு வெளியேறிக் கலையகத்துக்கே சென்று, எல்லாக் கதைகளும் ஒரே விதமாக முடிவதேன் என வாதிடுகின்றாள். கதைகளை அங்கு தீர்மானிப்பது ஓர் இயந்திரம். அமேசனின் 'த போய்ஸ்' (2019) இன்னும் கடுமையானது. அதன் நாயகர்கள் பெருநிறுவனமொன்றின் விளம்பரப் பொருள்கள், அவர்களுள் முதல்வன் பாசிச மனப்பான்மையினன். இவற்றின் துணிவை நாம் மறுக்கவில்லை. ஆயின் பெருநிறுவனத்தைச் சாடும் தொடரை உலகின் பெருநிறுவனங்களுள் ஒன்றே சந்தாவுக்கு விற்கும்போது, கண்டனமும் ஒரு சுவையாகிவிடுகின்றது. அதிர்ச்சியும் ஆண்டுதோறும் அளவு கூட்டப்பட வேண்டிய வாய்பாடாகிவிடுகின்றது.

இவ்வரையறைகளை மீறிய ஆக்கமாக, 2019இல் எச்.பி.ஓ. வெளியிட்ட 'வோச்மென்' தொடரைக் குறிப்பிடலாம். அலன் மூர், டேவ் கிபன்ஸ் ஆகியோர் 1986-87இல் வெளியிட்ட படக்கதையின் தொடர்ச்சியாக டேமன் லின்டலொப் இதனை உருவாக்கினார். 1921இல் ஒக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரிலே, கறுப்பின மக்களின் கிறீன்வூட் பகுதியை வெள்ளையினக் கும்பல் எரித்துச் சூறையாடிய படுகொலையுடன் தொடர் ஆரம்பமாகின்றது. நீண்டகாலம் பாடநூல்களிலே மறைக்கப்பட்ட அச்சம்பவத்தை இத்தொடர் மூலமே முதன்முறையாக அறிந்த அமெரிக்கர் பலர். அப்படுகொலையிலே தப்பிய சிறுவன் வளர்ந்து நியூயோர்க்கிலே பொலிஸ்காரனாகின்றான். சக பொலிஸார் அவனது தலையை மூடிக் கழுத்திலே சுருக்கிட்டு மரத்திலே தொங்கவிட்டு, உயிர் பிரியுமுன் இறக்கிவிடுகின்றனர். அம்முகமூடியும் கயிறுமே முதலாவது நாயகனின் கோலமாகின்றன. கறுப்பன் என அறியப்படாதிருக்கக் கண்களைச் சூழ வெண்பூச்சும் பூசிக்கொள்கின்றான். முகமூடி ஏன் என்ற கேள்விக்கு, எண்பதாண்டுகளாக இவ்வடிவம் கூறாத விடையை வரலாற்றிலிருந்து பெற்றமையே இத்தொடரின் சாதனை. ஒன்பது பகுதிகளுடன் அது நிறைவுற்றமையும் மனங்கொளத்தக்கது. கூறவேண்டியதைக் கூறிவிட்டதாகக் கருதிய லின்டலொப் இரண்டாம் பருவத்துக்கு முன்வரவில்லை.

இத்தொடரும் குறைகளற்றதன்று. முகமூடியணிந்த பொலிஸாரையே இனவாதத்துக்கெதிரான அரணாகக் காட்டும் இடங்களில் அதன் தடுமாற்றம் வெளிப்படுகின்றது. ஜோர்ஜ் புளொய்ட் பொலிஸாராற் கொல்லப்பட்ட 2020இன் பின்னர், அத்தடுமாற்றம் மேலும் துலக்கமாகத் தெரிகின்றது. முடிவிலே தெய்விக ஆற்றல் தகுதியான ஒருத்தியின் கையை அடையக்கூடும் என்ற நம்பிக்கையே எஞ்சுகின்றது. ஒழுங்குதிரண்ட மக்களுக்கு அங்கு இடமில்லை. வடிவத்தின் எல்லையை அதனுள் நின்றே தொட்ட ஆக்கம் என்பதே நமது மதிப்பீடு.

இறுதியாக, அயர்ந்தவர் யாவர் என்ற வினா எஞ்சியுள்ளது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லாற் குறிக்கப்படுவதைத் தமிழ் சலிப்பு எனவும் களைப்பு எனவும் பிரித்தறிகின்றது. சலிப்பு நுகர்வோனுக்குரியது, களைப்பு உழைப்போனுக்குரியது. வணிகப் பத்திரிகைகள் முன்னையதைப் பற்றியே பேசின. ஒவ்வொரு நாயகனும் பறப்பதற்காகக் கணினித் திரைகளின் முன் இரவுபகலாக உழைத்த காட்சிவிளைவுத் தொழிலாளர்கள், ஓயாத மாற்றங்களும் குறுகிய தவணைகளும் தம்மை வாட்டுவதாக 2022இலே வெளிப்படையாகக் கூறத் தொடங்கினர். 2023 செப்டெம்பரில் மார்வெல் கலையகத்தின் காட்சிவிளைவுத் தொழிலாளர் தொழிற்சங்கத்தில் இணைய ஒருமனதாக வாக்களித்தனர். அதே ஆண்டில் எழுத்தாளர்கள் 148 நாள்களும் நடிகர்கள் 118 நாள்களும் வேலைநிறுத்தம் செய்தனர். இணையவழி மறுஒளிபரப்புக்கான ஊதியமும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கெதிரான பாதுகாப்பும் அவர்களின் கோரிக்கைகளுள் முக்கியமானவை. எழுத்தாளர் மறியலில் நின்ற அக்காலத்திலேயே, மார்வெலின் 'சீக்ரெட் இன்வேஷன்' செயற்கை நுண்ணறிவால் ஆக்கப்பட்ட முகப்புக் காட்சியுடன் வெளிவந்தது.

புதிய தொடர்கள் இனியும் புதுமை பெறுமா என்பதற்கான விடை இவ்விடத்திலேயே தொடங்குகின்றது. புதிய உடைகளாலும் புதிய அண்டங்களாலும் அது வாராது. கதை முடிவதற்கான உரிமையும், ஆற்றல் எங்கிருந்து வந்தது, யாருக்காகப் பயன்படுகின்றது எனக் கேட்கும் உரிமையும் படைப்பாளருக்குக் கிடைக்குமிடத்து அது வரும். அவ்வுரிமைகள் எழுதுமேசையிலே மட்டும் பெறப்படுவனவல்ல. உழைப்பின் நிலைமைகளோடு பிணைந்தவை. சுரங்கத் தொழிலாளரின் பொருட்டு முதலாளியைச் சுரங்கத்துள் இறக்கிய 1938ஆம் ஆண்டுச் சுப்பர்மானைப் படைத்தோர், தம் படைப்பின் உரிமையை இழந்தவர்கள். அவர்களது வழித்தோன்றல்கள் இன்று அமைப்பாகத் திரள்கின்றனர். இவ்வடிவத்தின் எதிர்காலத்தை மதிப்பிட விரும்பும் விமர்சகர், வசூற் கணக்கோடு அத்திரட்சியையும் உற்று நோக்குதல் வேண்டும்.