சுதையும் செங்கல்லும் இல்லாமல்: எட்டு பிட் கணினிகளில் ஆட்டம் எழுதும் மரபு

மண்டகப்பட்டுக் குடைவரையில் உள்ள கல்வெட்டை நம் ஊர்க்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுதை இல்லை. இவை எதுவுமின்றிப் பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் விசித்திரசித்தன் அமைத்த கோயில் இது என்கிறது அது. விசித்திரசித்தன் என்ற பட்டம் கொண்ட பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எதையெல்லாம் சேர்க்கவில்லை என்று சொல்லிப் பெருமைப்பட்டான். 1980களின் வீட்டுக் கணினிகளுக்கு இன்றும் புதிய ஆட்டங்கள் எழுதிக்கொண்டிருப்பவர்களின் பெருமையும் இதே வகையைச் சேர்ந்தது. நினைவகம் சில கிலோபைட், வண்ணம் அரைகுறை, வேகம் சொற்பம். இருந்தும் ஆட்டம் ஓடுகிறது.

அக்கணினிகள் இங்கிலாந்தில் வீட்டுக்குள் நுழைந்தன. நம் நாட்டில் பெரும்பாலும் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தன. 1984-85இல் மத்திய மின்னணுவியல் துறையும் கல்வி அமைச்சகமும் சேர்ந்து 'கிளாஸ்' திட்டத்தைத் தொடங்கின. அதற்காக ஏகார்ன் நிறுவனத்தின் பிபிசி மைக்ரோ கணினிகள் தருவிக்கப்பட்டு, மாநில அரசுகள் வழியாகப் பள்ளிகளுக்குப் போயின. மொத்தம் 12,000 வரை வந்தன. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், ஒரு விசைப்பலகையை நாலு பேர் சூழ்ந்து நின்ற தலைமுறை அது. அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதை அன்று நமக்கு யாரும் சரியாக எடுத்துச் சொல்லவில்லை என்பது என் வருத்தம்.

6502 செயலி, 2 மெகாஹெர்ட்ஸ் வேகம், 32 கிலோபைட் நினைவகம். எல்லா வண்ணங்களும் வேண்டுமென்றால் திரை மட்டுமே 20 கிலோபைட்டை விழுங்கிவிடும். அதே இயந்திரத்தில்தான் டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் 1984இல் 'எலீட்' ஆட்டத்தை எழுதினார்கள். எட்டு அண்டங்கள், ஒவ்வொன்றிலும் 256 கிரகங்கள், ஒவ்வொன்றுக்கும் பெயர், ஆட்சிமுறை, விலைவாசி. இவற்றை எழுதிச் சேமிக்க இடம் ஏது? ஆறு பைட் விதை எண்ணைக் கணக்கால் உருட்டி உருட்டி 2,048 உலகங்களையும் தேவைப்படும்போது பிறப்பித்தார்கள். திரையின் மேல்பகுதியை நுண்ணிய கறுப்பு வெள்ளையிலும், கீழ்ப்பகுதியை வண்ணத்திலும் காட்ட, திரையை வரையும் கற்றை கீழ்ப்பகுதியை எட்டும் கணத்தில் திரைமுறையையே மாற்றினார்கள். நம் பள்ளிகளின் மேசையில் இருந்ததும் இதே இயந்திரம்தான். அதன் பேசிக் மொழியை எழுதியவர் சோஃபி வில்சன். அதற்குள்ளேயே அசெம்பிளரையும் வைத்துக் கொடுத்தார். பின்னர் ஸ்டீவ் ஃபர்பரோடு அவர் உருவாக்கிய ஆர்ம் செயலியின் வழிவந்தவைதான் இன்று நம் கைப்பேசிகளில் இருக்கின்றன.

இந்த மரபில் பல பாணிகள் உண்டு. மிகக் கடுமையானது 1977இல் வந்த ஆட்டாரி 2600 ஆட்டப்பெட்டியின் பாணி. 128 பைட் நினைவகம். திரைக்கென்று தனி நினைவகமே கிடையாது. தொலைக்காட்சியின் ஒவ்வொரு கோட்டையும் அது வரையப்படும் நேரத்திலேயே நிரல் தீர்மானிக்க வேண்டும். ஒரு கோட்டுக்குக் கிடைப்பது 76 சுழற்சிகள். ஒன்று தவறினாலும் படம் கலையும். இதைச் செய்து பார்த்தவர்களிடம் எனக்கு உள்ள மதிப்பு வேறு யாரிடமும் இல்லை.

அடுத்தது சிக்கனப் பாணி. ஒரு கிலோபைட் மட்டுமே கொண்ட இசட்எக்ஸ் 81 கணினிக்கு டேவிட் ஹார்ன் சதுரங்கம் எழுதினார். நிரல் 672 பைட். கோட்டை கட்டுதல் போன்ற சில விதிகளை விட்டுவிட்டார் என்றாலும் எதிராளியோடு ஆடும் சதுரங்கம் அது. பேசிக்கில் பத்தே வரிகளில் ஆட்டம் எழுதும் போட்டி இன்று ஆண்டுதோறும் நடக்கிறது. ஒரு வரியில் எத்தனை எழுத்து என்பதை வைத்துப் பிரிவுகள்.

1982இல் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியின் பாணியில்தான் வாதங்கள் அதிகம். 256க்கு 192 புள்ளித் திரை, அதற்கு 6,912 பைட். எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டம் ஒவ்வொன்றிலும் இரண்டே வண்ணம். மரத்தைக் கடக்கும் வீரன்மேல் மரத்தின் பச்சை ஒட்டிக்கொள்ளும். ஒற்றை வண்ணத்தில் ஆட்டத்தை வரைந்து தப்பியவர்கள் உண்டு. 1984இன் 'நைட் லோர்' அப்படித்தான் அழகாயிற்று. பிரேசில்காரர் எய்னார் சவுக்காஸ் உருவாக்கிய 'நிர்வாணா' என்ற வரைநிரல், இரண்டு வரிக்கு ஒருமுறை வண்ணத்தை மாற்றிக் கட்டத்தையே உடைக்கிறது. விலையாகச் செயலியின் பெரும்பகுதி நேரம் போய்விடுகிறது. எனக்கு முதல் வழிதான் உயர்வு. கல்லின் ரேகையைப் பார்த்து உருவத்தைத் தீர்மானிப்பவன் சிற்பி.

கருவிகளைப் பற்றியும் சண்டை உண்டு. அசல் இயந்திரத்திலேயே தட்டச்சிட்டு, கேசட்டில் பதிந்தால்தான் ஆட்டம் என்பார்கள் ஒரு சாரார். இன்றைய கணினியில் எழுதி, எமுலேட்டரில் சோதிப்பவர்கள்தான் பெரும்பான்மை. ஜொனாதன் கால்ட்வெல்லின் ஆர்கேட் கேம் டிசைனர் போன்ற அச்சுகளில் வார்ப்பவர்களும் உண்டு. அவற்றிலிருந்து வருபவை ஒன்றுபோலவே நடக்கின்றன, குதிக்கின்றன என்ற குறை நியாயமானது. எதில் எழுதினாலும் கூடுதல் நினைவகம் செருகாத அசல் பெட்டியில் ஆட்டம் ஓட வேண்டும். விசையை அழுத்திய கணத்தில் உருவம் அசைய வேண்டும். எதிரிகள் கூடும்போது வேகம் தளரக் கூடாது. இவை தவறினால் படம் எவ்வளவு அழகாயிருந்தாலும் நான் மதிப்பெண் குறைப்பேன்.

நம் மண்ணின் ஆட்டங்கள் இந்த அளவுக்குப் பொருந்துவது வியப்பு. ஆடுபுலி ஆட்டத்தில் 23 புள்ளிகள், 15 ஆடு, 3 புலி. ஒரு புள்ளி காலியா, ஆடா, புலியா என்று குறிக்க இரண்டு பிட் போதும். பலகை முழுதும் ஆறு பைட்டில் அடங்கும். புலி தாவக்கூடிய வழிகளைச் சிறு அட்டவணையாக எழுதிவிட்டால் புலிக்கு மூளை வந்துவிடும். ஆடுகளை ஆடுவதுதான் கடினம். நான்கைந்து நகர்வு முன்னோக்க வேண்டும். பல்லாங்குழிக்கு 14 குழி, 14 பைட்.

தமிழ் எழுத்தைத் திரையில் காட்டுவது இதைவிடச் சிக்கல். ஸ்பெக்ட்ரமில் எழுத்துரு 96 வடிவம், 768 பைட். உயிர், அகர வரிசை, உகர ஊகார வரிசைகள், கால், கொம்பு எல்லாம் எழுபதை ஒட்டி வரும். புள்ளியையும் இகர ஈகார வளைவையும் மேலே தனியாகப் போட்டால் எண்ணிக்கை அடங்கிவிடும். ஆனால் ண, ஞ போன்றவை எட்டுப் புள்ளி அகலத்தில் நிற்க மறுக்கும். அவற்றுக்கு இரண்டு கட்டம் கொடுத்தே ஆக வேண்டும். இந்த வேலையைத் தமிழ் அறிந்த ஒருவர்தான் செய்ய முடியும்.

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பள்ளிக் கிடங்குகளில் பழைய பிபிசி மைக்ரோ எங்காவது கிடந்தால் காயலான் கடைக்குப் போடாதீர்கள். உடனே மின்சாரமும் கொடுத்துவிடாதீர்கள். அதன் மின்வழங்கியில் உள்ள பழைய மின்தேக்கிகள் ஈரம் ஏறி வெடித்துப் புகையும். முதலில் அவற்றை மாற்றச் சொல்லுங்கள். கூடவே கேசட்டுகள் இருந்தால் அவற்றை ஒலிக்கோப்பாகப் பதிந்து வைத்த பிறகே மற்ற வேலைகளைத் தொடங்குங்கள்.